கிணற்றுப் பொம்மையில் தண்ணீர் குடித்தவள்

போன மாதம் மூன்று பேர் ஒரு நீளமான காகிதச் சுருளைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்க்க வந்தார்கள். இரண்டு பையன்கள், ஒரு பெண். மூவரும் பெரிய படிப்புப் படித்தவர்கள். சேலத்தில் பிள்ளைகளுக்கென்று ஒரு காட்சிக்கூடம் கட்டப்போகிறார்களாம். அங்கே எதையும் கண்ணாடிக்குள் பூட்டிவைக்க மாட்டார்களாம். எல்லாவற்றையும் தொடலாம், சுற்றலாம், இழுத்துப் பார்க்கலாம். "அந்தக் காலத்திலேயே நீங்கள் இப்படியெல்லாம் செய்தீர்களாமே, கூட்டத்தை எப்படி இழுத்தீர்கள்?" என்று கேட்டார்கள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. காப்பி போடச் சொன்னேன்.

சுருளை விரித்தார்கள். கூடத்தின் நடுவே நீளமான மேசை, அதன்மேல் ஓடை மாதிரித் தண்ணீர் ஓடுகிறது. பிள்ளைகள் மதகைத் திறக்கலாம், சக்கரத்தைச் சுழற்றலாம். நான் அந்த இடத்தில் விரலை வைத்து, இது குடிக்கிற தண்ணீர்தானே என்று கேட்டேன். இல்லை ஐயா, அதே தண்ணீர்தான் திரும்பத் திரும்பச் சுற்றிவரும் என்றார்கள். அப்படியானால் இதை எடுத்துவிடுங்கள் என்றேன். மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பெண் சிரிப்பை அடக்கக் காப்பி டம்ளரை வாயில் வைத்துக்கொண்டாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நினைத்திருப்பார்கள். நினைத்துக்கொள்ளட்டும். நான் அரண்டவன்தான். எப்படி அரண்டேன் என்று அன்றைக்குச் சொல்ல வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் ஆத்தூர்ப் பக்கம். நாடகக் கம்பெனியில் திரைச்சீலையில் படம் எழுதக் கற்றுக்கொண்டேன். அரண்மனை, காடு, கடைத்தெரு, இந்த மூன்றையும் எழுதத் தெரிந்தவனுக்கு அப்போது சோற்றுக்குக் குறைவில்லை. தச்சு வேலையும் தகர வேலையும் கூடவே கைக்கு வந்தன. பிறகு பேசும் படம் வந்தது. கம்பெனி கலைந்தது. ராஜாவாக நடித்தவரே வேலை தேடி அலைந்தபோது, ராஜாவின் அரண்மனையை எழுதினவனை யார் கேட்பார்கள்?

அந்தச் சமயத்தில் சேலத்தில் சில டாக்டர்களும் துணி வியாபாரிகளும் சேர்ந்து ஒரு சுகாதாரச் சங்கம் நடத்திவந்தார்கள். இப்போது அது இல்லை. பெயரும் வேண்டாம். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு பழைய தானியக் கிடங்கை வாடகைக்குப் பிடித்து, சுகாதார மியூசியம் என்று போர்டு மாட்டியிருந்தார்கள். உள்ளே வரிசையாகப் புட்டிகள். ஒவ்வொரு புட்டியிலும் ஏதோ ஓர் உறுப்பு மிதக்கும். மழைக்கு ஒதுங்குகிறவர்களைத் தவிர யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. நான் பெயிண்டராகச் சேர்ந்த நாளில் அங்கே இருந்த ஒரே பார்வையாளன் நான்தான். புட்டிகளைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

அதை நடத்தியவர் ஒரு டாக்டர். தெற்கத்திக்காரர், கழுத்து வரை பொத்தான் போட்ட கோட்டு, தடித்த கண்ணாடி. யாரையும் கடிந்து பேசமாட்டார். ஆனால் அவர் முன்னால் நிற்க எனக்குப் பயம். கேட்ட கேள்விக்குப் பதில் வரும்வரை ஆளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். பொய் சொன்னால் ஒன்றும் சொல்லமாட்டார், அதே கேள்வியை அதே குரலில் இன்னொரு தடவை கேட்பார். அவ்வளவுதான்.

"மதராசில் மியூசியத்தைச் செத்த காலேஜ் என்று சொல்கிறார்கள், தெரியுமோ? எனக்குச் செத்த காலேஜ் வேண்டாம். நீர் நாடகக்காரர். சனங்கள் வருகிற மாதிரி ஏதாவது செய்யும்" என்றார்.

செய்தேன். தரையில் பெரிய பரமபதக் கட்டம் எழுதினேன். ஆட்களே காய்கள். சோழி உருட்டி நடந்துபோகவேண்டும். ஈ மொய்த்த பண்டம் ஒரு பாம்பு, கொதிக்கவைத்த தண்ணீர் ஓர் ஏணி. மீசை வைத்த பெரிய மனிதர்களெல்லாம் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு பாம்பின் வாலுக்கு இறங்கினார்கள். பிறகு ஒரு பொம்மை வீடு. அதில் பானை, குடம், உடைந்த சட்டி என்று எதைத் திறந்தாலும் உள்ளே எங்கேயாவது கொசு ஒளிந்திருக்கும். கொசுவைக் கண்டுபிடிக்க வாசல் வரை ஆட்கள் நின்றார்கள். சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு சந்தைக்கும் நோம்பிக்கும் போக ஆரம்பித்தோம். கொங்குப் பக்கம் பண்டிகையை நோம்பி என்பார்கள்.

கூட்டம் கூடியிருக்கும்போது டாக்டர் காட்சிகளைப் பார்க்கவே மாட்டார். பின்னால் ஓரமாக நின்று, வந்தவர்களின் கைகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். கை எங்கே போகிறது, எங்கே தயங்குகிறது, எதைத் தொட்டுவிட்டு வேட்டியில் துடைத்துக்கொள்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரிய வேண்டும். எந்தப் பொம்மையையும் வெளியே வைக்கும் முன் என்னை எதிரே உட்காரவைத்து ஒரு கேள்வி கேட்பார். "இதை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் என்னென்ன அசட்டுத்தனம் பண்ணலாம்? சொல்லும்." நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. மற்ற இடங்களில் என்னைக் கேலி செய்வார்கள். இவர் ஒருவர்தான் என் பயத்துக்குச் சம்பளம் கொடுத்தவர். விரல் நசுங்கும், ஆணி குத்தும், பிள்ளை விழும், வெற்றிலை எச்சில் துப்புவார்கள் என்று நான் சொல்லிக்கொண்டே போவேன். அவர் ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி பண்ணச் சொல்வார்.

இனி நரம்புச்சிலந்தியைப் பற்றிச் சொல்லவேண்டும். இன்றைய பிள்ளைகள் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள், அவர்கள் கொடுத்துவைத்தவர்கள். வெள்ளை நூல் போல ஒரு புழு, ஒரு முழத்துக்கு மேல் நீளம். காலில் கொப்புளம் போட்டு, கொப்புளம் உடைந்து, தலையை வெளியே நீட்டும். எரிச்சல் தாங்காமல் அந்தக் காலோடு படிக்கிணற்றில் இறங்கினால், குளிர்ந்த தண்ணீர் பட்டதும் புழு தன் குஞ்சுகளைத் தண்ணீரில் கொட்டிவிடும். தண்ணீரில் துள்ளுகிற பொடிப் பூச்சி ஒன்று அந்தக் குஞ்சுகளைத் தின்னும். பூச்சியோடு தண்ணீரைக் குடித்தவன் காலில் ஏறத்தாழ ஒரு வருஷம் கழித்துக் கொப்புளம் வரும். நடுவில் உடம்பில் ஓர் அடையாளமும் இராது. போன வருஷம் குடித்த தண்ணீரை யார் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்? மிதிக்கக் கூடாத எதையோ மிதித்துவிட்டோம் என்றுதான் சனங்கள் நினைத்தார்கள்.

இந்த நோய்க்கு மருந்து இல்லை. வராமல் தடுக்க மட்டும் ஒரு சுலபமான வழி உண்டு. தண்ணீரை இரட்டை மடிப்புத் துணியில் வடிகட்டிக் குடித்தால் போதும், பூச்சி துணியில் நின்றுவிடும். நெசவாளர் ஊர்களில் துணிக்கா பஞ்சம்! இதை ஒரு விளையாட்டாகச் செய்து காட்டவேண்டும் என்றார் டாக்டர். அதுவும் உயிரோடு காட்டவேண்டும். புட்டியில் செத்த பூச்சியை மிதக்கவிட்டால் யார் நம்புவார்கள்?

இடுப்பு உயரத்துக்கு ஒரு படிக்கிணறு செய்தேன். உள்ளே தகரம் அடித்து நிஜக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றினோம். பக்கத்தில் ஒரு சின்ன ராட்டினம். சுற்றினால் விரல் அளவு வாளிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறிவந்து தகர ஓடையில் கவிழும். தண்ணீர் ஓடையில் இறங்கிவந்து மார்பு உயரத்தில் ஒரு மூக்கு வழியாகக் கீழே விழும். மூக்குக்குக் கீழே துணி கட்டிய வளையம், அதற்கும் கீழே கண்ணாடிக் கிண்ணம். வளையத்தை எடுத்துப் பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்தால் துணியில் பூச்சிகள் துள்ளுவது தெரியும். கிண்ணத்துத் தண்ணீரில் ஒன்றும் இராது. வழக்கம்போல உட்கார்ந்து யோசித்தோம். ராட்டினத்தில் விரல் மாட்டும் என்றேன். பூதக்கண்ணாடியில் வெயில் பட்டுத் துணி தீப்பிடிக்கும் என்றேன். அதற்காக மேலே தென்னங்கீற்றுப் பந்தல் போடுவது என்று முடிவாயிற்று. டாக்டர் தன் பங்குக்கு நாலைந்து அபாயம் சொன்னார். எங்கள் இருவர் வாயிலும் வராத ஒன்றே ஒன்று பாக்கி இருந்தது.

ராசிபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு மாரியம்மன் நோம்பி, சித்திரை மாதம். முந்தின நாள் அந்த வட்டாரத்தில் நோய் கண்ட ஓர் ஊருக்குப் போய், அங்கிருந்த படிக்கிணற்றில் தண்ணீர் எடுத்துவந்தோம். கரடு என்கிற மொட்டைக் குன்று ஒன்றின் அடியில் இருந்த நெசவாளர் ஊர் அது. காலையில் டாக்டர் தொட்டியிலிருந்து சொட்டுச் சொட்டாக எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். ஒரு பூச்சியின் வயிற்றுக்குள் மயிரிழை ஒன்று சுருண்டு கிடந்து புரண்டது. உடம்பு கூசிப்போய்க் கையை இரண்டு தடவை கழுவிக்கொண்டேன்.

மதியத்துக்குள் பந்தலில் நிற்க இடமில்லை. ராட்டினத்தைச் சுற்றுவதற்குப் போட்டி. வெளியே மண் காய்ந்து கால் வைக்க முடியாத வெயில். நான் வளையத்தை எடுத்துக்கொண்டுபோய் ஒரு பெரியவருக்குப் பூதக்கண்ணாடியில் காட்டிக்கொண்டிருந்தேன். யாரோ ராட்டினத்தைச் சுற்றிக்கொண்டே இருந்தார்கள். மூக்கிலிருந்து தண்ணீர் தாராளமாக விழுந்துகொண்டிருந்தது.

எனக்குப் பின்னால் ஒரு பெண் குரல், "நல்லா இருப்பீங்க சாமி" என்றது.

அந்த வார்த்தையை எங்கே சொல்வார்கள் என்று நம் பக்கத்தவர்களுக்குத் தெரியும். திரும்பினேன். முப்பது வயது இருக்கும், கூடையைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தாடையில் தண்ணீர் சொட்டியது. சித்திரை வெயில், நோம்பி, கீற்றுப் பந்தல், மார்பு உயரத்தில் விழுகிற தண்ணீர். நம் சனங்களுக்கு அது தண்ணீர்ப்பந்தல் இல்லாமல் வேறு என்ன? அவள் குனிந்து இரண்டு கையையும் ஏந்தி வயிறு நிறையக் குடித்திருக்கிறாள். கடைசிக் கை தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டு, தர்மம் செய்தவர்களை வாழ்த்தவும் வாழ்த்திவிட்டாள்.

அவள் போய்விடுவாள் என்று பார்த்தால் போகவில்லை. வந்ததற்கு இதையும் பார்த்துவிடலாம் என்று பூதக்கண்ணாடியில் கண்ணை வைத்தாள். என்னவோ துள்ளுகிறதே என்றாள். பிறகு தலையை நிமிர்த்திப் பந்தல் தட்டியில் நான் எழுதி மாட்டியிருந்த படத்தைப் பார்த்தாள். ஒரு கால், காலில் கொப்புளம், கொப்புளத்திலிருந்து தொங்கும் வெள்ளைப் புழு.

"இது எங்கூட்டுக்காரருக்கு வந்ததுங்களே" என்றாள். அப்புறம் மெதுவாக, "இந்தத் துள்ளற பூச்சியாலதான் வருதுங்களா?" என்று கேட்டாள். நான் தலையை ஆட்டினேன்.

"நான் இப்பக் குடிச்சனே, அதுல?"

உண்மையைச் சொல்லாமல் அனுப்பிவிட முடியுமா என்று ஒரு கணம் மனசு கணக்குப் போட்டது. அதற்குள் டாக்டர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, நின்றவர்கள் எல்லார் காதிலும் விழும்படியாகச் சொன்னார். "அம்மா, நீ குடித்த தண்ணீரில் அந்தப் பூச்சி இருக்கிறது. காலையில் நானே பார்த்தேன். சிலதின் வயிற்றில் புழுக்குஞ்சும் இருந்தது. உனக்கு வரலாம், வராமலும் போகலாம். வருவதாக இருந்தால் அடுத்த வருஷம் இந்தச் சமயத்தில் தெரியும்."

மருந்து உண்டா என்று கேட்டாள். இல்லை என்றார். எந்த ஊர்த் தண்ணீர் என்று கேட்டாள். ஊரின் பெயரைச் சொன்னார். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எங்க ஊருங்க அது. அப்ப நாங்க தெனமும் இதைத்தான் குடிக்கறமா?"

அவள் பெயர் அங்காயி. புருஷன் கந்தப்பன் ஊரில் பேரெடுத்த நெசவாளி. அதற்கு இரண்டு வருஷம் முன்னால் அவனுக்கு முழங்காலுக்குக் கீழே புழு வந்தது. எவனோ ஒருவன் அதைப் பிடித்து வெடுக்கென்று இழுத்ததில் உள்ளே அறுந்துபோயிற்று. சீழ் வைத்து, முழங்கால் மடங்கினது மடங்கினபடியே நின்றுவிட்டது. தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு மிதிக்க அவனால் ஆகாது. அன்றிலிருந்து அங்காயிதான் தறியில் உட்காருகிறாள், அவன் ஊடுநூலைத் தார்க்குச்சியில் சுற்றிக் கொடுக்கிறான். அவள் காலும் போனால் தறி நிற்கும், தறி நின்றால் அடுப்பு நிற்கும். பட்ட காலிலே படும் என்று சொல்கிறோமே, அதை நான் கண்ணெதிரே பார்த்துக்கொண்டு நின்றேன்.

இதற்குள் கூட்டத்தில் சேதி பரவிவிட்டது. தண்ணீரில் புழுவைப் போட்டுக் குடிக்கவைக்கிறார்கள் என்று ஒருவன் கத்தினான். எவனோ கிணற்றுப் பொம்மையை எட்டி உதைத்தான். அது கவிழ்ந்து தண்ணீர் தரையெங்கும் ஓடியது. பாம்பைக் கண்டது போல அத்தனை பேரும் ஈரத்திலிருந்து துள்ளி விலகினார்கள். அன்று காலையில் அதே தண்ணீரைக் குடித்துவிட்டு வந்த அங்காயியின் ஊர்க்காரர்களும் அதில் இருந்தார்கள். டாக்டர் அசையவில்லை. அங்காயியின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, புதுத் துணி ஒன்றை இரண்டாக மடித்து அவள் கையில் கொடுத்தார். இன்று முதல் ஒரு சொட்டும் இதில் வடிக்காமல் வாயில் வைக்காதே என்றார். அவள் துணியை வாங்கிக்கொண்டாள். கூடையை மறந்துவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு நடந்த ஒரு வருஷத்தை எப்படிச் சொல்வது? மியூசியத்தில் தண்ணீர் சம்பந்தப்பட்ட எல்லாவற்றுக்கும் கண்ணாடி மூடி போட்டோம். தொட முடியாது என்றதும் ஆட்கள் குறைந்தார்கள். சங்கத்து வியாபாரிகள் முகம் சுளித்தார்கள். பழி என்மேல் வரும் என்று நான் நடுங்கிக்கொண்டிருந்தேன். டாக்டரோ சங்கக் கூட்டத்தில் எழுந்து, "பொம்மை பெயிண்டர் செய்தது, அதில் உயிருள்ள தண்ணீரை வைத்தது நான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். என்னிடம் தனியாக ஒன்று சொன்னார். மாதம் ஒரு தடவை அந்த ஊருக்குப் போகவேண்டும், புதுத் துணி கொடுக்கவேண்டும், அவள் காலைப் பார்த்துவிட்டு வரவேண்டும். என்னையே ஏன் அனுப்புகிறீர்கள் என்று கேட்டேன். "அவளை உமக்கு அடையாளம் தெரியும்" என்றார். அதற்குமேல் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

ராசிபுரத்திலிருந்து நடந்துதான் போகவேண்டும். கரட்டைச் சுற்றித் திரும்பினால் முதல் வீடு அவர்களுடையது. அந்தத் திருப்பத்தில் நின்று காதைக் கொடுப்பேன். தறிச் சத்தம் கேட்டால் அவள் கால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். சத்தம் காதில் விழும்வரை மேலே நடக்கமாட்டேன். ஐப்பசியில் ஒரு தடவை சத்தமே இல்லை. வந்த வழியே திரும்பிவிடலாமா என்று நினைத்தேன். பிறகு போய்ப் பார்த்தால் தறியில் பாவுநூல் தீர்ந்து புதுப் பாவு பிணைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வந்த அழுகையைப் பார்த்துக் கந்தப்பன் பயந்துவிட்டான்.

ஊரில் என்னைப் புழுக்காரன் என்றார்கள். என்னைக் கண்டால் தாய்மார்கள் பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். யாரும் ஒரு வாய் மோர் கொடுத்ததில்லை. அங்காயி மட்டும் தறிக்குழியிலிருந்து ஏறிவந்து இரண்டு காலையும் நீட்டுவாள். "நல்லாப் பாத்துக்கங்க பொம்மைக்காரரே" என்பாள். கணுக்கால், பாதம், விரல் இடுக்கு என்று எல்லாம் பார்ப்பேன். ஒன்றும் இல்லை என்று நான் சொன்னதும் அவள் மூச்சு விடுவது எனக்குக் கேட்கும். கோபமாக ஒரு வார்த்தை அவள் பேசியதில்லை. பேசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். வாசலில் குடத்தின் வாயில் எங்கள் துணி கட்டியிருக்கும். வீட்டில் ஒருவரையும் வடிக்காத தண்ணீரைத் தொடவிடுவதில்லை என்று கந்தப்பன் அலுத்துக்கொண்டான். சூடு கண்ட பூனை, வேறு எப்படி இருக்கும்?

பங்குனி பிறந்து போனேன். திருப்பத்தில் நின்றேன். சத்தம் இல்லை. பாவு தீர்ந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெகுநேரம் நின்றேன். பிறகு ஒரு வழியாக நடந்தேன். அங்காயி வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். இடது கணுக்காலுக்கு மேலே நெல்லிக்காய் அளவு கொப்புளம். என்னைப் பார்த்ததும் காலை நீட்டவில்லை, முந்தானையால் மூடிக்கொண்டாள். அன்று எனக்கு ஏற்பட்ட பயம் மாதிரி இந்த ஆயுசில் வேறு எதற்கும் நான் பயந்ததில்லை.

டாக்டர் சேதி கிடைத்த மறுநாளே வந்து, அந்த ஊர்ச் சாவடியிலேயே தங்கிவிட்டார். அவர் செய்த வேலையை நான் கிட்ட இருந்து பார்த்தேன். காலுக்கு அடியில் ஒரு தாம்பாளம். கொப்புளம் உடைந்த இடத்தில் குளிர்ந்த தண்ணீரை மெல்ல ஊற்றுவார். புழுவின் தலை எட்டிப் பார்க்கும். ஈரத் துணியால் ஒற்றியெடுத்து, வழவழப்பாகச் சீவிய மூங்கில் சிம்பு ஒன்றில் அதன் நுனியை மாட்டுவார். பிறகு சிம்பை உருட்டுவார். அரைச் சுற்று, சில நாள் ஒரு சுற்று. புழு இறுக்கிப் பிடித்தால் நிறுத்திவிட்டு, சிம்பைக் காலோடு வைத்துக் கட்டிவிடுவார். மறுபடி நாளைக்குத்தான். தாம்பாளத்துத் தண்ணீரை நான் கொண்டுபோய்க் கொதிக்கவைத்து, கிணற்றுக்கு எதிர்ப்பக்கம் காட்டில் கொட்டவேண்டும். கை தவறி ஒரு சொட்டு வழியில் சிந்திவிட்டால்கூட அந்த மண்ணில் நெருப்புப் போடுவேன்.

ஒருநாள் பாதிக்கு மேல் வந்துவிட்ட நிலையில், டாக்டர் சிம்பை உருட்ட, புழு விறைத்து நீண்டது. வெள்ளை இழை கண்ணாடி மாதிரி மெலிந்து தெரிந்தது. இன்னும் ஒரு நூலளவு வந்துவிடும் போல இருந்தது. டாக்டரும் அப்படித்தான் நினைத்திருக்கவேண்டும், அவர் விரல் அசைந்தது. அங்காயி உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்திருந்தாள். சுவரோரம் மடங்கிய காலோடு உட்கார்ந்திருந்த கந்தப்பன் குரல் கொடுத்தான்.

"போதுமுங்க. எனக்கு அறுந்தப்ப இப்பிடித்தான் இருந்துது. போதும் சாமி, உட்டுருங்க."

டாக்டர் நிறுத்தினார். சிம்பைக் கட்டிவிட்டு எழுந்து வெளியே போனார். நான் பின்னாலேயே போனேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். எதற்கும் அசையாத அந்த மனிதர், துடைத்த கண்ணாடியை மாட்டிக்கொள்ள மறந்து நின்றதை அன்றுதான் பார்த்தேன். அதற்குப் பிறகு அவர் முன்னால் நிற்க எனக்குப் பயம் இருந்ததில்லை.

புழு முழுதாக வந்தது. கடைசி நுனி வெளியே வந்ததும் கந்தப்பன் குலுங்கிக் குலுங்கி அழுதான். அங்காயி சிம்பைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது உங்க தொட்டியில குடிச்சதால வந்துதுங்களா, எங்க கேணியில குடிச்சதால வந்துதுங்களா?" என்று கேட்டாள்.

"தெரியாது அம்மா. தெரிந்துகொள்ள வழியே இல்லை" என்றார் டாக்டர்.

அவள் சிம்பை டாக்டரிடம் திருப்பிக் கொடுத்தாள். பிறகு, "எங்கிருந்து வந்தாலுஞ் செரி, எங்கிட்டயே முடியோணும். காலு ஆறுற மட்டும் நான் கேணிப்படியில கால் வெக்க மாட்டேன்" என்றாள். அந்த ஊரில் அதைவிட்டால் வேறு கிணறு இல்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் முறை வைத்துக்கொண்டு அவள் வீட்டுக்கு ஒரு குடம் கொண்டுவந்து ஊற்றினார்கள். அன்பினால் என்று நினைக்கவேண்டாம், அவள் காலோடு கிணற்றில் இறங்கிவிடுவாளோ என்ற பயம்தான். நான் வருஷக் கணக்கில் பொம்மை செய்து சொல்ல முடியாததை அந்தப் பயம் சொல்லிக்கொடுத்தது. பரமபதம் ஆடியவர்கள் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். இவர்கள் அவள் வாசலில் குடத்தை இறக்கும்போது, குடத்தின் வாயில் கட்டியிருந்த துணியை உற்றுப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

மறுபடி சித்திரை, மறுபடி அதே நோம்பி. போகவேண்டாம், கல்லால் அடிப்பார்கள் என்று நான் டாக்டரைக் கெஞ்சினேன். போகத்தான் வேண்டும் என்றார். ஒரு மாற்றம் மட்டும் செய்யச் சொன்னார். பந்தல் வாசலிலேயே நிஜமான தண்ணீர்ப்பந்தல், கொதித்து ஆறின தண்ணீர், மூக்கு வைத்த பெரிய செம்பு. வருகிறவர்களுக்கு முதலில் தாகம் தீரட்டும், மற்றதெல்லாம் அப்புறம். ஊற்றுகிற வேலை எனக்கு. யாரும் வரவில்லை. தள்ளி நின்று வேடிக்கை பார்த்தார்கள். சென்ற வருஷம் உதைத்தவனும் அதில் நிற்பான் என்று நினைத்து நினைத்து எனக்கு வியர்த்து ஊற்றியது.

கூட்டம் விலகியது. அங்காயி லேசாகக் காலைச் சாய்த்து நடந்துவந்தாள். பின்னால் அவள் ஊர்ப் பெண்கள் நாலைந்து பேர். எனக்கு எதிரே வந்து குனிந்து இரண்டு கையையும் ஏந்தினாள். நான் செம்பைச் சாய்க்கப் போனேன். கைகளைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"மொதல்ல நீங்க ஒரு வாய் குடிங்க பொம்மைக்காரரே."

செம்பைத் தூக்கிக் குடித்தேன். எத்தனை தடவை கொதித்த தண்ணீர் என்று எனக்குத் தெரியும், இருந்தும் தொண்டையில் இறங்க மறுத்தது. அவள் என் தொண்டை ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது வாயும் குடித்தேன். போதும் என்று தலையசைத்தாள்.

பிறகு இடுப்பிலிருந்து எதையோ எடுத்தாள். நாங்கள் கொடுத்த துணி, துவைத்துத் துவைத்து நிறம் போயிருந்தது. அதை இரண்டாக மடித்து ஏந்திய கையின்மேல் விரித்துக்கொண்டு, ஊற்றுங்கள் என்பதுபோல் என்னைப் பார்த்தாள். ஊற்றினேன். துணி வழியாக வடிந்த தண்ணீரைக் குடித்தாள். அவள் என்னை வாழ்த்தவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

டாக்டர் வழக்கம்போலப் பின்னால் ஓரமாக நின்று கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்காயி விலகியதும் அடுத்தவள் முன்னால் வந்தாள். அவளிடம் துணி இல்லை. முந்தானையை இழுத்து, ஒன்றுக்கு இரண்டாக மடித்து, உள்ளங்கையில் விரித்துக்கொண்டு குனிந்தாள்.